முட்டையை நிறுத்தும் விளக்கு

கூஸ் வாத்து வருஷத்துக்கு எத்தனை முட்டை போடும் என்று எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் நாலு பேரிடம் கேட்டால் நாலு கணக்கு வரும். குஞ்சு விற்கிறவர் தயங்காமல் நூறு என்பார். தோப்புக் காவலுக்கு இரண்டு ஜோடி வைத்திருப்பவர் பத்துப் பதினைந்து வந்தாலே பெரிது என்பார். எங்கோ படித்தவர் முப்பது, நாற்பது என்பார். நாலாவது ஆள், "நம்மூரு வெயிலுக்கு அது எங்கீங்க முட்ட போடும்" என்று பேச்சையே முடித்துவிடுவார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நூறு முட்டை போடும் வாத்து உலகத்தில் இருக்கிறது. பத்துப் போட்டுவிட்டு அடை உட்காரும் வாத்தும் இருக்கிறது. அப்படியென்றால் அந்த எண்ணிக்கையை முடிவு செய்வது எது? வர்க்கமா, வளர்கிற இடமா? இரண்டும்தான் என்று பதில் சொல்வது சுலபம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு தோப்பில் ஒரு வேலையும் செய்ய முடியாது.

எங்கள் தென்னந்தோப்பில் கொஞ்சம் கூஸ் வாத்துகள் உண்டு. நெற்றியில் குமிழ் வைத்த, கழுத்து நீண்ட சீன வாத்து வகை. ஆனால் சுத்தமான வர்க்கம் என்று சொல்ல முடியாது. வெள்ளையும் பழுப்பும் கலந்து, குமிழ் பெரிதாகச் சிலது, பெயருக்குச் சின்னதாகச் சிலது. தமிழ்நாட்டில் சந்தைக்கு வரும் கூஸ் வாத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான். எந்த ஊர், எந்த வம்சம், அதன் தாய் எத்தனை போட்டது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவரும் கேட்பதில்லை. எங்களுடையவை ஐப்பசி வாக்கில் தொடங்கும், மாசி முடியும்போது நிற்கும். ஒரு பெட்டை இருபதைத் தொட்டாலே நல்ல வருஷம்.

என் மைத்துனனுக்கு இது பொறுக்கவில்லை. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகளிலேயே வளர்ந்தவன், இன்றைக்கும் அதுதான் தொழில். "மாமா, பொழுது சாஞ்சதும் இருட்டுல அடைக்கறீங்க, அப்புறம் முட்டை எங்கிருந்து வரும்? லைட்டப் போடுங்க" என்பான். அவன் சொல்வதில் ஒரு மாவட்டத்தின் அனுபவமே இருக்கிறது. அதனாலேயே அந்தப் பேச்சை லேசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கோழிக்குச் சரியான கணக்கு

முட்டைக்கோழிக்குப் பகலும் விளக்குமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு 16 மணி நேர வெளிச்சம் கொடுப்பது அந்தப் பண்ணைகளில் சாதாரண வழக்கம். வெளிச்சம் கூடக் கூட முட்டை நிலைத்து வரும். ஒரு கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடும். ஆனால் இந்த நிலைக்கு அந்தக் கோழி வந்துசேர்ந்ததில் விளக்கின் பங்கு பிந்தியது, சின்னது. முதலில் நடந்தது தேர்வு. கோழி ஆறு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும், ஒரு தாயிடமிருந்து டஜன் கணக்கில் மகள்கள் கிடைக்கும், எது எத்தனை போட்டது என்று தனித்தனியாகக் குறித்து, அதிகம் போட்டதின் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டே போகலாம். அடை உட்காருகிற குணமே அந்த வர்க்கங்களிலிருந்து கழிந்துவிட்டது. வெளிச்சம் எத்தனை மாதம் நீடித்தாலும் சலிக்காத உடம்பு அதற்கு வந்துவிட்டது. விளக்கு போட்டால் முட்டை வரும் என்பது உண்மைதான். ஆனால் விளக்குக்கு அப்படிப் பதில் சொல்லும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த பறவையின் உண்மை அது.

வாத்தில் இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். கூஸ் வாத்து பெரும்பாலும் பிறந்த மறு வருஷம்தான் முட்டைக்கு வரும். முதல் பருவத்தைவிட அடுத்த ஒன்றிரண்டு பருவங்களில் கூடுதலாகவும் பெரிதாகவும் போடும். அதனால் ஒரு பெட்டையின் தரம் தெரியவே இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். கனமான வர்க்கங்களில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெட்டைக்கு மேல் சேர்த்தால் கருக்கூடாத முட்டைதான் மிஞ்சும். ஜோடி சேர்ந்துவிட்டால் பிரிப்பதும் பெரும்பாடு. இந்தக் காரணங்களால் வாத்தில் மனிதன் செய்த தேர்வு கோழியில் செய்ததைவிட எத்தனையோ மடங்கு பின்தங்கியிருக்கிறது. காட்டுப் பறவையின் பழைய நாட்காட்டி அதன் உடம்பில் இன்னும் அழியாமல் இருக்கிறது.

ஒரே அடையில் பொரித்தவை

ஒரு பருவம் ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளில் பாதியை மைத்துனன் தன் இடத்துக்குக் கொண்டுபோனான். அக்கா தங்கச்சிகள் இரண்டு வீட்டுக்குப் பிரிந்தன. முட்டைக்கு வரும் பருவம் நெருங்கியதும் அவன் தன் கொட்டகையில் ட்யூப்லைட்டைப் போட்டு இரவு பத்து மணி வரை எரியவிட்டான். எங்கள் தோப்பில் ஆறரைக்கெல்லாம் இருட்டுத்தான். அவனுடையவை எங்களுடையதை முந்திக்கொண்டு தொடங்கின. போனில் அவன் குரலே மாறியிருந்தது. "பாத்தீங்களா மாமா, நான் சொன்னனில்ல" என்றான். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் தைப் பொங்கலுக்கு வந்தவன் வாத்துப் பேச்சையே எடுக்கவில்லை. நானாகக் கேட்டபோதுதான் சொன்னான்: "எறகெல்லாம் கொட்டுது மாமா. முட்டையக் காணோம்." அதே வாரம் எங்கள் தோப்பில் அவற்றின் உடன்பிறந்தவை ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. மாசி கடைசி வரை போட்டன.

இரண்டு வீட்டு வாத்துகளை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. அவன் கொடுத்தது முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம், நாங்கள் புல்லும் தவிடும் கொஞ்சம் கிளிஞ்சலும். அவனிடம் சிமென்ட் தொட்டி, எங்களிடம் வாய்க்கால் தண்ணீர் வரும் குட்டை. ஆனாலும் அந்தப் பொங்கலுக்கு அப்புறம் என்னால் அந்த விளக்கை மறக்க முடியவில்லை. இதே பறவையைத் தொழிலாக வளர்ப்பவர்கள் விளக்கை என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்து மாகாங் வாத்து பற்றித் தெரிந்தது.

மாகாங் வாத்தின் இயல்பான பருவம் ஏறத்தாழ ஆடி, ஆவணியில் தொடங்கிப் பங்குனி வரை. பகல் குறையக் குறைய முட்டையிடும், பகல் நீள நீள நிறுத்திக்கொள்ளும். அதனால் கோடையில் குஞ்சு கிடைக்காது, விலை ஏறும். அந்த விலைக்குக் குஞ்சு வேண்டும் என்பவர்கள் செய்வது இதுதான்: குளிர்காலத்தில், வாத்து நன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, விளக்கு போட்டு ஒரு நாளை 18 மணி நேரமாக நீட்டுகிறார்கள். முட்டை நின்றுவிடும், இறகு உதிரும். பிறகு வசந்தத்தில் கொட்டகையை மறைத்து இருட்டாக்கி வெளிச்சத்தை 11 மணி நேரத்துக்குக் குறைக்கிறார்கள். வெளியே கோடை கொளுத்தும்போது உள்ளே வாத்து முட்டையிடத் தொடங்கும். நாமக்கல்லில் முட்டையை வரவழைக்க எரியும் விளக்கு அங்கே முட்டையை நிறுத்த எரிகிறது. இதைப் படித்த இரவே மைத்துனனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவன், "அப்ப எறகு கொட்டுனது அதுனாலதானா" என்று மட்டும் கேட்டான்.

ஐரோப்பிய வாத்துகளின் கதை வேறு மாதிரித் தொடங்கினாலும் முடிவு இதேதான். தென்மேற்கு ஃபிரான்சின் லாந்த் வாத்து குளிர் விலகிப் பகல் வளரும்போது தொடங்கும். ஆனால் பகல் மிக நீண்டதும் நின்றுவிடும். அதனால் அங்கேயும் பருவத்தை நீட்டிக்க நினைப்பவர்கள் இருட்டுக் கொட்டகையில் வைத்து 10, 11 மணி நேர வெளிச்சத்துக்கு மேல் போகவிடுவதில்லை. காட்டு வாத்தின் வாழ்க்கையைப் பார்த்தால் இது புரியும். ஐரோப்பியக் காட்டு வாத்து ஐந்தாறு முட்டையிட்டு, நாலு வாரம் அடைகாத்து, குஞ்சு வளரும் காலத்தில் பறக்கும் இறகை மொத்தமாக உதிர்த்துப் புது இறகு முளைக்கக் காத்திருக்கும். வடக்கின் கோடை குறுகியது. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். நீண்ட பகல் என்பது அந்த உடம்புக்கு, போட்டது போதும், இனி இறகைப் பார் என்கிற உத்தரவு.

வெளிச்சம் கண் வழியாகத்தான் போகிறது என்பதும் இல்லை. 1930-களில் ஜாக் பென்வா என்ற ஃபிரெஞ்சு ஆய்வாளர், பார்வை நீக்கப்பட்ட வாத்துகளிலும் (கூஸ் அல்ல, சாதாரண வாத்து) வெளிச்சம் இனப்பெருக்க உறுப்புகளை வளரச் செய்வதைக் காட்டினார். மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் இறங்கும் ஒளியையே பறவை நேரடியாக உணர்கிறது. தலையை இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கும் வாத்துக்கு விளக்கு எரிவது தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். அதை நம்பி இருக்க முடியாது.

எங்கள் சூரியனின் ஒன்றேகால் மணி

பொள்ளாச்சியில் வருஷத்தின் மிக நீண்ட பகல் 12 மணி 45 நிமிஷம் சுமார். மிகக் குறுகியது 11 மணி 30 நிமிஷம் சுமார். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம். பிரான்சின் துலூஸ் நகரில் பகல் ஏறத்தாழ 9 மணி நேரத்துக்கும் பதினைந்தரை மணி நேரத்துக்கும் இடையே ஆடுகிறது. இவ்வளவு சின்ன மாற்றம் பறவைக்குத் தெரியுமா என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. தெரியும். பனாமாவின் மழைக்காட்டில் வாழும் புள்ளி எறும்புக்குருவி வெறும் 17 நிமிஷ மாற்றத்துக்கே பதில் சொல்கிறது என்று 1990-களில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. எங்கள் வாத்துகள் அத்தனை நுட்பமானவையா என்பது வேறு விஷயம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் பகல் சுருங்கும் ஐப்பசியில் அவை தொடங்குவதைப் பார்க்கிறேன்.

நான் சொல்ல வந்ததே இதுதான். நம் ஊரில் சூரியன் வருஷம் முழுக்கச் செய்யும் மொத்த மாற்றம் ஒன்றேகால் மணி. வாசலில் மாட்டிய ஒரு எல்.இ.டி. பல்பு பத்து மணி வரை எரிந்தால் ஒரே ராத்திரியில் மூன்றரை மணி நேரத்தைச் சேர்த்துவிடுகிறது. ஐரோப்பாவில் செயற்கை வெளிச்சம் பருவத்தைக் கொஞ்சம் திருத்துகிறது. இங்கே அது பருவத்தையே மூழ்கடித்துவிடுகிறது. கூஸ் வாத்து முட்டையே போடவில்லை என்று சொல்பவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் இப்போது முதலில் பார்ப்பது தீவனத்தை அல்ல. வாத்து அடைகிற இடத்தில் ராத்திரி என்ன எரிகிறது என்பதைத்தான். காவலுக்கு வளர்க்கும் பறவை என்பதால் பெரும்பாலும் கேட்டுக்குப் பக்கத்தில், போகஸ் லைட்டுக்கு நேர் கீழேயே அடைத்திருக்கிறார்கள்.

வெயிலுக்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. சூடு ஏறினால் மேய்ச்சல் குறையும், ஓடு மெலியும், ஆணின் வீரியமும் குறையும். ஆனால் குவாங்டாங்கும் குளிர்ந்த ஊர் இல்லை. வெயிலை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு விளக்கை மறந்துவிடுகிறோம் என்பதே என் வருத்தம்.

நூறு போடுவதும் முப்பது போடுவதும்

சரி, வர்க்கத்துக்கு வருவோம். சீனாவுக்குள்ளேயே இரண்டு எல்லைகளைப் பார்க்கலாம். குவாங்டாங்கின் ராவ்பிங் பகுதியில் சிங்கத்தலை வாத்து என்று ஒன்று. ஆண் பத்துக் கிலோ தாண்டும், முகமெல்லாம் தோல் மடிந்து தொங்கும். வருஷத்துக்கு 25 முதல் 35 முட்டை. வடக்கே ஷான்டாங்கிலும் லியாவ்னிங்கிலும் ஹுவோயன் என்று ஒன்று. மேல் இமையில் ஒரு சிறு பிளவு இருக்கும், பெட்டை மூன்று நாலு கிலோதான். முட்டை நூறை ஒட்டி வரும். இரண்டுக்கும் மூதாதை ஒன்றுதான், மங்கோலியா, வடகிழக்குச் சீனப் பக்கம் வாழும் நீண்ட கழுத்துக் காட்டு வாத்து. ஒரு பக்கத்தில் கறிக்காகப் பெரியதைப் பெரியதோடு சேர்த்தார்கள். இன்னொரு பக்கத்தில் முட்டைக்காகச் சேர்த்தார்கள். உடம்பும் முட்டையும் ஒரே தராசின் இரண்டு தட்டு, ஒன்று இறங்கினால் மற்றது ஏறும்.

இதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு வேலை செய்தது போலந்து. 1962-இல் டென்மார்க்கிலிருந்து இத்தாலிய வெள்ளை வாத்துகளை வாங்கி, கொவுடா வெல்கா என்ற இடத்தில் தேர்வைத் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்தில் அதை இரண்டு வம்சங்களாகப் பிரித்தார்கள். W11 என்பது முட்டைக்கும் குஞ்சுக்கும். W33 என்பது எடைக்கு. முதலாவதின் பெட்டையையும் இரண்டாவதின் ஆணையும் சேர்த்துக் கறிக்கான குஞ்சை எடுக்கிறார்கள். ஒரே பறவையிடம் இரண்டையும் கேட்காமல் குடும்பத்துக்கு ஒரு வேலை என்று பங்கு பிரித்துவிட்டார்கள். நம் சந்தையில் "கறிக்கும் ஆச்சு, முட்டைக்கும் ஆச்சு" என்று விற்கப்படும் குஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்பாடு நினைவுக்கு வரும்.

ஆனால் ஹுவோயனின் நூறுக்கும் எங்கள் பெட்டையின் இருபதுக்கும் நடுவே நிற்பது எடை மட்டுமல்ல. அடை. எங்கள் பழுப்புப் பெட்டை தென்னை ஓலைக் குவியலுக்குப் பின்னால் மண்ணைக் காலால் குழித்து, முதல் முட்டையைச் சருகால் மூடிவிட்டுப் போகும். மேலே பார்த்தால் அங்கே ஒன்றும் இருப்பதாகத் தெரியாது. ஏழெட்டு முட்டை சேர்ந்ததும் அதன் நடை மாறும். கூட்டை விட்டு வரும் நேரம் குறையும். ஒரு நாள் காலையில் கை விட்டுப் பார்த்தால் சருகுக்கு நடுவே மார்பிலிருந்து பிடுங்கிய மெல்லிய வெள்ளைத் தூவி கிடக்கும். தொட்டால் கைக்கு எடையே தெரியாது, ஆனால் உள்ளே முட்டை வெதுவெதுவென்று இருக்கும். தூவி விழுந்துவிட்டால் முடிந்தது. ஓரிரு நாளில் அது கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்து, கிட்டே போனால் சீறும். உள்ளே ப்ரோலாக்டின் என்ற சுரப்பு ஏறி, அடுத்த முட்டைகளுக்காக வளர்ந்துகொண்டிருந்த கருமணிகள் சுருங்கிவிடும். மாகாங் வாத்தும் இப்படித்தான், ஒரு பருவத்தில் நாலு தடவை போல முட்டையிட்டு, நாலு தடவையும் அடை உட்காரும். ஒவ்வொரு அடைக்கும் முப்பது நாள் போய்விடும். ஹுவோயனிடம் அந்த அடைக்குணம் அற்றுப்போய்விட்டது. சீனாவில் தாய் இல்லாமல் குஞ்சு பொரிக்க வைக்கும் கலை மிகப் பழையது. பொரிக்க வேறு வழி இருக்கும் இடத்தில் அடை உட்காரும் பெட்டை நஷ்டமாகத் தெரிந்திருக்கும், உட்காராததின் பிள்ளைகள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நாட்டுக்கோழிக்குச் செய்வதுபோல இதையும் தண்ணீரில் முக்கி அடை தெளிய வைக்கலாமா என்று ஒருமுறை வீட்டில் பேச்சு வந்தது. என் அம்மிச்சிதான் தடுத்தார். "அது உக்காந்துதான் இந்த வாத்துக்கூட்டமே உனக்கு வந்துச்சு கண்ணு. உக்காராத வாத்த வச்சுக்கிட்டு, கரண்டு போற ராத்திரி நீ உக்காருவியா?" என்றார். எங்களிடம் இன்குபேட்டர் இல்லை. வாத்து முட்டைக்கு முப்பது நாள் சூட்டையும் ஈரத்தையும் சரியாகப் பிடிப்பது கோழி முட்டையைவிடச் சிரமம் என்று வைத்திருப்பவர்களே சொல்கிறார்கள். நாலைந்து பெட்டை வைத்திருக்கிற வீட்டுக்கு நூறு முட்டை வர்க்கம் தேவையே இல்லை என்பது என் முடிவு. அதை வாங்குகிறவர் அதோடு சேர்த்து ஒரு இயந்திரத்தையும் கரண்டு பில்லையும் விற்பனைக்கு ஆளையும் வாங்க வேண்டியிருக்கும்.

அதனால் நாங்கள் இப்போது நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கிறோம். அடையும் இடத்தில் விளக்கு கிடையாது. பருவத்தின் முதல் சுற்றில் முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு பழைய முட்டையை மட்டும் விட்டுவைக்கிறோம். கூடு நிறையாத வரை தூவி விழுவது தள்ளிப்போகிறது, நாலைந்து முட்டை கூடுதலாகக் கிடைக்கிறது. இரண்டாவது சுற்று முழுக்கத் தாய்க்கு. எந்தப் பெட்டை எத்தனை போட்டது, எது கடைசி வரை எழாமல் உட்கார்ந்தது என்று காலில் வளையம் போட்டு நோட்டில் எழுதி வருகிறோம். நன்றாகப் போட்டு நன்றாகவும் உட்காரும் அந்தப் பழுப்புப் பெட்டையின் மகள்களைத்தான் வைத்துக்கொள்கிறோம், மற்றதை விற்றுவிடுகிறோம்.

இதில் இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரே தாயின் பிள்ளைகளையே வைத்துக்கொண்டு போனால் கொஞ்ச காலத்தில் அண்ணன் தங்கை சேர்க்கைதான் மிஞ்சும், கூமுட்டை பெருகும். போன பருவத்திலேயே அதன் சாயல் தெரிந்தது. எனக்கு இப்போது வேண்டியது நல்ல ஆண் ஒன்று. அதன் தாய் எத்தனை போட்டது, அடை உட்கார்ந்ததா, ராத்திரி இருட்டில் அடைந்த வாத்தா என்று சொல்லக்கூடியவரிடமிருந்து. பொள்ளாச்சி, உடுமலை, பாலக்காடு பக்கம் அப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள். பதிலுக்கு எங்கள் ஆண்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். புரட்டாசி முடிவதற்குள் மாற்றிக்கொண்டால் ஜோடி சேர நேரம் இருக்கும்.